ஒரு பிள்ளை போகும்போது

“எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்கட்டும் டீச்சர்?”

கேட்டுவிட்டு நெல்லையப்பன் மடிக்கணினியைத் திறந்து செண்பகவல்லியின் முன் வைத்தான்.

பாங்காக்கில், ஒரு தையல் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் அந்த அறை. சனிக்கிழமை காலைகளில் பன்னிரண்டு பதின்மூன்று பேர் வந்து ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு தேநீர் குடிப்பார்கள். அங்கே நடப்பது அவ்வளவுதான்.

நடத்துபவர் செண்பகவல்லி. மற்ற நாட்களில் ஒரு மருத்துவமனையில் தமிழ் நோயாளிகளுக்கும் தாய்லாந்து டாக்டர்களுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பவர். வயது முப்பத்தைந்து. நெல்லையப்பனுக்கு நாற்பத்தொன்று. தன்னைவிட ஆறு வயது இளையவரைக் குருவே என்று கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை. அதனால் டீச்சர். அவர் அவனை அண்ணா என்பார்.

திரையில் ஐந்து சர்வதேசப் பள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் நாற்பத்துமூன்று கட்டங்கள். பாடத்திட்டம், ஒரு வகுப்பில் எத்தனை பேர், நீச்சல் குளத்தின் நீளம், வீட்டிலிருந்து எவ்வளவு நேரம், மழை பெய்தால் எவ்வளவு நேரம். கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். அட்டவணை போடாமல் ஒரு சட்டைகூட எடுக்க மாட்டான்.

“பதினெட்டாம் தேதிக்குள்ள சொல்லணும் டீச்சர். இல்லேன்னா ஆகஸ்ட்டுக்கு எங்கயும் இடம் கிடையாது.”

செண்பகவல்லி திரையைப் பார்க்கவில்லை.

“பாப்பா என்ன சொல்றா?”

“எதுனாலும் சரிங்கிறா.”

“எத்தனை வயசு?”

“ஒம்பது.”

“ஒம்பது வயசுப் பிள்ளை எதுனாலும் சரிங்குதா?”

ஐந்து மாதமாக நெல்லையப்பனை அரித்துக்கொண்டிருந்ததே அதுதான்.

மஸ்கட்டில் இருந்தவரை அவன் மகள் மதுரா சரியான வாயாடி. தோசை ஏன் வட்டமாக இருக்கிறது, ஒட்டகத்துக்கு வியர்க்குமா, விமானத்தின் ஜன்னலை வெளியே யார் துடைப்பார்கள் என்று காலையில் ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருப்பாள். பாங்காக் வந்த பிறகு ஒரு கேள்வி கிடையாது. என்ன சாப்பிடுகிறாய்? எதுனாலும் சரி. எந்த அறை வேண்டும்? எதுனாலும் சரி. பழைய சைக்கிள் சாவியோ என்னவோ, ஒரு சின்னச் சாவியைப் பச்சை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நடு வருடத்தில் எங்கும் சேர்த்துக்கொள்ளாததால், நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். ஐந்து பள்ளிகளையும் சுற்றிக் காட்டியாயிற்று. ஐந்துக்கும் அதே பதில்தான்.

“சரியான பள்ளிக்கூடம் அமைஞ்சா அவ பழையபடி பேசுவா டீச்சர். அது எதுன்னு மட்டும் சொல்லுங்க.”

செண்பகவல்லி வாசலைக் காட்டினார்.

“போங்கண்ணா.”

நெல்லையப்பனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கணினியை மூடிப் பையில் திணித்துக்கொண்டு எழுந்து போனான். இரண்டு மாடி இறங்கிய பிறகுதான் குடை ஞாபகம் வந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. திரும்ப ஏறினான்.

“இப்ப எப்படிப் போனீங்க?” என்று கேட்டார் செண்பகவல்லி.

“படியிலதான்.”

தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

“இங்க பன்னெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர்கிட்டயாவது சொல்லிட்டுப் போனீங்களா?”

“நீங்கதானே போகச் சொன்னீங்க?”

“இன்னிக்குத்தான் நான் சொன்னேன். அஞ்சு மாசமாவே நீங்க இப்படித்தான் போறீங்க.”

உண்மைதான். மௌனம் முடிந்த கையோடு போனைக் காதில் வைத்துக்கொண்டு நழுவிவிடுவது அவன் வழக்கம்.

“அஞ்சு பள்ளிக்கூடத்துக்கும் மறுபடி போங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க.”

“என்ன கேள்வி?”

“இங்கேருந்து ஒரு பிள்ளை போகும்போது என்ன செய்வீங்க?”

“போகும்போதா? நான் இன்னும் சேக்கவே இல்லையே டீச்சர்.”

“கேட்டுட்டு வாங்க. குடையை மறந்துடாதீங்க.”

அவன் வீட்டுக்கு வந்து நாற்பத்துநாலாவது கட்டம் ஒன்றைச் சேர்த்தான். மனைவி சங்கரி எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க இது? பொண்ணு பாக்கப் போன வீட்டுல விவாகரத்துக்கு என்ன வழின்னு கேக்குற மாதிரி இருக்கு.”

“டீச்சர் சொன்னாங்க.”

“நல்ல டீச்சர் பிடிச்சீங்க.”

முதல் பள்ளியின் வாசலில் செயற்கை நீரூற்று இருந்தது. சேர்க்கை அதிகாரி கேள்வியை முடிக்கவே விடவில்லை.

“மாறுதல் சான்றிதழ்தானே? மூன்று வேலை நாளில் மின்னஞ்சலில் வந்துவிடும்.”

இரண்டாவது பள்ளியில் இருந்த பெண் வாய் நிறையச் சிரித்தாள்.

“எங்கள் பள்ளியை விட்டு யாருக்கும் போக மனசே வராது சார்.”

அவள் நாற்காலிக்குப் பின்னால் அவளுடைய கோப்பை, செடி, குடும்பப் புகைப்படம் எல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் இருந்தன. அந்த வாரத்தோடு வேலையை விடுகிறாளாம்.

மூன்றாவது பள்ளியில் இருபத்தாறு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைக் காட்டினார்கள். போகிறவர்கள் பூர்த்தி செய்ய வேண்டும்.

“பிள்ளைகளா?”

“இல்லை, பெற்றோர்கள்.”

“பிள்ளைகள் என்ன பூர்த்தி செய்வார்கள்?”

அதிகாரி படிவத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். அவருக்கே இப்போது தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

நான்காவது பள்ளியில் கேக் வெட்டி, வகுப்போடு சேர்த்துப் படம் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும்.

“சொல்லாமல் போய்விட்டால்?”

“கேக் கிடையாது.”

நெல்லையப்பனுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அந்தக் கேள்வி எப்போது டீச்சருடையதாக இல்லாமல் தன்னுடையதாக ஆனது என்று அவனுக்கே தெரியவில்லை. ஐந்தாவது பள்ளியைச் சங்கரி முதலிலேயே பட்டியலில் அடித்துவிட்டிருந்தாள். நீச்சல் குளமே கிடையாது. வாய்க்கால் ஓரத்தில் பழைய ஓட்டுக் கட்டடம். போகாமல் விட்டிருக்கலாம். என்ன சொல்கிறார்கள் பார்ப்போமே என்றுதான் புதன்கிழமை மதியம் அங்கே போனான். வாசலில் தண்ணீர்த் தொட்டியடியில் கிடந்த ஆமையைத் தாண்டி உள்ளே நடந்தான்.

அலுவலகத்தில் நொய் என்ற தாய்லாந்துப் பெண்மணி இருந்தார். கேள்வியைக் கேட்டதும் எழுந்தார்.

“வாருங்கள், காட்டுகிறேன்.”

வகுப்புகளுக்கு வெளியே சுவரை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்ன மரப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு, ஒரு பெயர்.

“போகிற பிள்ளை கடைசி நாளில் தன் பெட்டியைக் காலி செய்து துடைத்து வைக்கும். பிறகு வகுப்பில் யாராவது ஒருவர் கையில் சாவியைக் கொடுக்கும். அடுத்த பிள்ளை வந்ததும் அவர் அதைக் கொடுப்பார்.”

“யார் கையில்?”

“யாருக்குக் கொடுக்கத் தோன்றுகிறதோ அவர் கையில். போன வருடம் ஒரு பையன், தான் சண்டை போட்டவனுக்குக் கொடுத்தான்.”

“அழ மாட்டார்களா?”

“அழுவார்கள்.”

“அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?”

“பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.”

கோடியில் இருந்த பெட்டியில் பெயரெழுதிய தாள் பழுத்துப்போயிருந்தது. பூட்டில் லேசாகத் துரு.

“அது யாருடையது?”

“இரண்டு வருடம் ஆகிறது. விடுமுறைக்குப் போன பிள்ளை. அப்பாவுக்கு வேறு நாட்டில் வேலை கிடைத்துவிட்டதாம். அப்படியே போய்விட்டார்கள். சாவி பிள்ளையிடமே இருக்கிறது.”

“மாற்றுச் சாவி செய்து திறந்துவிடலாமே?”

“மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது சார். திறக்க வேண்டியது அந்தப் பிள்ளை” என்றார் நொய்.

நாற்பத்துநாலாவது கட்டத்தில் எழுதுவதற்காகப் போனைக் கையில் எடுத்த நெல்லையப்பன், எழுதாமல் அந்தத் துருப்பிடித்த பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வாடகைக் கார் பிடித்து நேராக வீட்டுக்கு வந்தான்.

மதுரா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவன் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

“அது எதோட சாவிம்மா?”

அவள் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

“லாக்கர்.”

“மஸ்கட் ஸ்கூல்லயா?”

தலையை ஆட்டினாள்.

“உள்ள என்ன இருக்கு?”

“ஹனாவோட கிஃப்ட். லீவ் முடிஞ்சு வர்ற அன்னிக்கு அவளுக்குப் பர்த்டே. காலையில முதல் ஆளா வந்து தரேன்னு சொன்னேன்.”

டிசம்பரில் திருநெல்வேலிக்கு லீவுக்குப் போகிறோம் என்று சொல்லித்தான் மஸ்கட்டிலிருந்து கிளம்பினார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பே மாற்றல் கடிதம் வந்துவிட்டது. இப்போது சொன்னால் பிள்ளை அழுவாள், ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்றான் நெல்லையப்பன். ஊரில் வைத்துச் சொன்னபோது மதுரா அழவே இல்லை. பெரிய மனுஷி மாதிரி எடுத்துக்கொண்டாள் பார் என்று சங்கரியிடம் பெருமைப்பட்டான். அதை நினைத்தபோது அவனுக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது.

“லீவுக்குக் கிளம்பும்போதே எனக்குத் தெரியும்மா. திரும்பிப் போக மாட்டோம்னு தெரியும். சொல்லாமக் கூட்டிட்டு வந்துட்டேன்.”

மதுரா அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏன் சொல்லல?”

ஐந்து மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி.

“நீ அழுவேன்னு பயந்துட்டேன்.”

“அழுதா என்ன?”

அவள் அழ ஆரம்பித்தாள். விக்கி விக்கி, மூக்கு வழிய, நெடுநேரம் அழுதாள். எப்போதும்போல் ஐஸ்கிரீம் வாங்கித் தரேன் என்று சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் மஸ்கட் பள்ளிக்கு எழுதிக் கேட்டான். ஆண்டு முடிவில்தான் பெட்டிகளைத் திறப்போம், உங்கள் மகளுடையது அப்படியே இருக்கிறது என்று பதில் வந்தது.

சனிக்கிழமை அவன் மதுராவையும் கூட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறினான். கையில் கணினி இல்லை. ஒரு பயணப்பை இருந்தது.

“கேட்டீங்களா?” என்றார் செண்பகவல்லி.

“கேட்டேன் டீச்சர்.”

“எந்தப் பள்ளிக்கூடம்?”

“மஸ்கட்ல ஒண்ணு. ஒரே ஒரு நாள். இன்னிக்குச் சாயங்காலம் விமானம்.”

“பதினெட்டாம் தேதி?”

“நாளன்னிக்குத்தான். அது தாண்டிப் போகட்டும்.”

செண்பகவல்லி இரண்டு பேருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். மதுராவின் கோப்பையில் சர்க்கரை ஒரு கரண்டி கூடுதல்.

குடித்து முடித்ததும் நெல்லையப்பன் எழுந்தான். அந்தப் பன்னிரண்டு பேரிடமும் ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லிக்கொண்டான். ஐந்து மாதம் பக்கத்தில் உட்கார்ந்தவர்களில் நாலு பேருடைய பெயர்கூட அவனுக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டான். அதற்கே கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியாகச் செண்பகவல்லியிடம் வந்தான்.

“போயிட்டு வர்றோம் டீச்சர்.”

“போயிட்டு வாங்கண்ணா. பாப்பா, போயிட்டு வா.”

படியிறங்கும்போது மதுரா முன்னால் போனாள். கழுத்துச் சாவி ஒவ்வொரு படிக்கும் குதித்தது. பாதியில் நின்று திரும்பினாள்.

“அப்பா, அந்த வாய்க்கால் பக்கத்து ஸ்கூல்ல ஒரு ஆமை இருந்துச்சே, அதுக்குப் பேரு என்ன?”

நெல்லையப்பன் யோசித்துப் பார்த்தான். நாற்பத்துநாலு கட்டங்களில் எதிலும் அது இல்லை.

“தெரியலையேம்மா.”

“ரெண்டு தடவை போயிருக்கீங்க, அதைக் கேக்கவே இல்லையா?”