லிவரைத் தொட்ட கை

ஆட்டோமேட்டிக் காரில் எல்லாம் தானாக நடக்கும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். பெரும் பிழை. கியர் மட்டும்தான் தானாக மாறும். அது கெட்டுப்போக மனிதர் வேண்டும்.

தறிப்பட்டறை முதலாளி நல்லமுத்துவின் பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் விழவில்லை. பட்டறை ஆட்கள் முன்னால் டிரைவர் செங்கோடனைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான்டா கெடுத்தே. இல்லீன்னா கருப்பணார் கோயில்ல கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணு. முடியாதுன்னா வேலைய விட்டுப் போ."

தினமும் நல்ல நேரம் பார்த்து வண்டியை வெளியே எடுப்பவர் முதலாளியேதான். பின்னால் உருளும் வண்டி நிற்குமுன்பே இடது கையால் கியர் லிவரை முன்னால் போகும் கியருக்குத் தள்ளுவார். வண்டி அலறும். இதைச் சொன்னால் அன்றே வேலை போகும்.

"பண்றனுங்க" என்றான் செங்கோடன். "உருள்ற வண்டியில லிவரத் தள்ளுன இடது கை விளங்காமப் போகட்டும்னு நான் மொதல்ல அடிக்கறேன். லிவரத் தொட்டவங்க ரெண்டே பேரு. அடுத்து நீங்க அடிச்சிருங்க."

எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள்.

"இதுக்கெல்லாம் எதுக்கு சாமிய இழுக்கோணும்? போயி மெக்கானிக்கக் கூட்டிட்டு வா."

கியர் சரியாகும்வரை நல்லமுத்து டவுன் பஸ்ஸில் போய்வந்தார். கம்பியை வலது கையால் மட்டுமே பிடித்துக்கொண்டார்.