மூன்றாவது தட்டு

"மூணு பட்டறையில கடைஞ்சாச்சுங்க அம்மணி. மூணு எடத்துலயும் ஆட்டம் பாக்கற கேஜ் முள்ளு அசையலை. எங்கூட்டுக்குக் கொண்டாந்தா ஆடுது."

மாசிலாமணி தம் குறையை இவ்வாறு சொன்னார்.

கேட்டவர் பாத்திமுத்து. நின்றுபோன லேத்துகளை, அதாவது கடைசல் இயந்திரங்களை, ஓடவைப்பவர் என்று உக்கடத்தில் பெயர் பெற்றவர். மாசிலாமணியைவிடப் பதினைந்து வயது இளையவர்.

மாசிலாமணி முப்பது ஆண்டுகள் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தார். ஆலை மூடிய பின் பழைய லேத் ஒன்றை வாங்கினார். அதனோடு ஒரு சாக்கு நிறைய உதிரிச் சாமான்கள் வந்தன. அவற்றுள் ஒன்றுகூட அந்த லேத்துக்கென்று பிறந்ததல்ல.

துருவை நீக்கினார். எண்ணெய் வழிகளைத் திறந்தார். லேத் ஓடியது.

இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கு மட்டும் வழிக்கு வரவில்லை. அது வேறொரு லேத்தினுடையது. இந்த லேத்தின் சுழல்தண்டில் அதைப் பொருத்த இடையில் ஒரு வார்ப்பிரும்புத் தட்டு வேண்டும். தட்டின் பின்புறம் தண்டில் திருகி ஏறும். முன்புறம் கடைந்தெடுத்த வட்டப் படி சக்கின் முதுகுக் குழியில் உட்காரும்.

அப்படி மூன்று தட்டுகள் கடைந்தாயிற்று. ஒவ்வொன்றும் முந்தையதைவிட நல்ல பட்டறையில்.

"இப்ப என்ன வேணுங்கண்ணா?" என்றார் பாத்திமுத்து.

"இந்த ஊர்லயே ஒசந்த பட்டறை எதுன்னு சொல்லுங்க. மூணாவது தட்டைக் கொண்டுபோயி அங்க திருப்பிக் கடைஞ்சுக்கறேன்."

பாத்திமுத்து கையிலிருந்த வேலைக்குத் திரும்பினார்.

மாசிலாமணி காத்திருந்தார். அரை நாள் காத்திருந்தார் என்று கணபதிப் பக்கத்துப் பட்டறைகளில் சொல்கிறார்கள். உக்கடத்தில் சொல்பவர்கள் அரை மணி நேரம் என்கிறார்கள். எழுந்து போகவில்லை என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர்.

"என்ன அவசரம்?" என்று பிறகு கேட்டார் பாத்திமுத்து.

"நாளான்னிக்குப் பொள்ளாச்சிக் கயித்து மில்லுக்கு மாதிரிக்கு உருளை ஒண்ணு குடுக்கோணும். ஆட்டமில்லாம இருந்தா வருசம் பூராவும் வேலை."

"ஆட்டம் இருந்துச்சுன்னா?"

"திங்கக்கெழமையிலருந்து வாட்ச்மேன் வேலைங்க. மாப்பிள்ளை பேசி வெச்சிருக்காரு. சட்டை தொப்பியெல்லாம் வாங்கியாச்சு."

"தொப்பி எப்படி, எடுப்பா இருக்கா?"

"இன்னும் போட்டுப் பாக்கலைங்க."

பாத்திமுத்து கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

இருகூரில், மாசிலாமணியின் கொட்டகையில், பாத்திமுத்து லேத்தின் தண்டைக் கையால் சுழற்றினார். காதை அருகில் வைத்துக் கேட்டார். கடப்பாரையால் நெம்பிப் பார்த்தார்.

"லேத் நல்லா இருக்கு."

"ஆடுதுங்களே."

"லேத் ஆடலை. சக்கைக் கழட்டுங்க."

மாசிலாமணி கழற்றினார். மூன்றாவது தட்டு தண்டிலேயே நின்றது. அதன் படி கண்ணாடிபோல் மின்னியது.

"வெட்டற டூலை மாட்டுங்க."

"எதைக் கடையறதுக்குங்க?"

பாத்திமுத்து மோவாயால் தட்டைக் காட்டினார். "அந்தப் படி முச்சூடும் போகட்டும். பின்னாடி கனம் கெடக்குதில்ல, அதுல புதுசாப் படி எடுங்க."

மாசிலாமணி ஓரடி பின்வாங்கினார்.

"அம்மணி, இது துளிப் பெசகில்லாம ஜீரோவுல கடைஞ்சது. வெளிநாட்டு மிசின்ல. இதைப் போயி இந்தக் கெழட்டு லேத்துலயா?"

"கெழடுன்னு நீங்கதான் சொல்றீங்க. அது ஒண்ணும் சொல்லலையே."

"மொத ரெண்டும் எடைக்குப் போயாச்சு, இதுவும் கெட்டுப் போச்சுன்னா வேற வார்ப்பு இல்லீங்க. வார்ப்பு வரப் பத்து நாளாகும்."

"ஆமா, பத்து நாளாகும்."

"அப்புறம்?"

"ஒரு டீ சொல்லுங்க. சக்கரை கம்மியா."

பாத்திமுத்து ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்.

தேநீர் வந்தது. மாசிலாமணி இன்னும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை மும்முறை சுவிட்சுக்குப் போய்த் திரும்பியது என்று இக்கதையின் புதிய வடிவம் கூறும். பழைய வடிவத்தில் ஒரே முறைதான். இங்குக் கொண்டது பழையது.

அவர் சுவிட்சைப் போட்டார்.

டூல் படியைத் தொட்டது. டக். ஒரு சுற்றுக்குப் பின் மீண்டும் டக். மின்னும் விளிம்பின் ஒரு பக்கம் மட்டும் சீவப்பட்டது. மறுபக்கத்தை டூல் எட்டவே இல்லை.

மாசிலாமணி கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பாத்திமுத்து தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி டூலை இன்னும் சற்று உள்ளே செலுத்தினார். டக் என்பது டர்ர் என நீண்டது. மேலும் செலுத்தினார். ஒலிகளுக்கு இடையிலிருந்த மௌனம் சுருங்கிற்று. கரிய வார்ப்புத்தூள் அவருடைய முழங்கைவரை படிந்தது.

பிறகு ஒலி எங்கும் அறுபடவில்லை.

பழைய படி போயிற்று. புதிய படி எழுந்தது. அவர் அளந்தார், கடைந்தார், மீண்டும் அளந்தார். கடைசி மூன்று சீவல்களில் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். சக்கைத் தூக்கிப் பொருத்தியபோது, இடையில் அகப்பட்ட காற்று மெல்ல வெளியேறும் ஓசை கேட்டது.

போல்ட்டுகளை முறுக்கினார். சக்கின் மேல் கேஜை வைத்தார். கையால் சுழற்றினார்.

முள் நின்ற இடத்திலேயே நின்றது.

மாசிலாமணி இன்னொரு முறை சுழற்றினார். எதிர்ப்பக்கமாகவும் சுழற்றிப் பார்த்தார்.

"அப்ப அந்த மூணு பட்டறைக்காரங்களும் தப்பாக் கடைஞ்சிருக்காங்க."

"சரியாத்தான் கடைஞ்சாங்கண்ணா."

"அப்படின்னா?"

"அவங்கவங்க லேத்துக்கு."

மாசிலாமணி உருளைக்கு வைத்திருந்த இரும்பைத் தோளில் தூக்கி வந்து சக்கில் பூட்டினார்.

சன்னல் விளிம்பிலிருந்த செல்போன் ஒலித்தது.

பாத்திமுத்து எட்டிப் பார்த்தார். "உங்க மாப்பிள்ளைங்கண்ணா. எடுக்கலையா?"

"கையெல்லாம் கரிங்க," என்ற மாசிலாமணி சுவிட்சைப் போட்டார்.