கதவு கேட்ட பவளாயி

நம்ம பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முன்னே, செம்பாறை என்கிற நாட்டை மகுடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் நினைத்தது மத்தியானத்துக்குள் நடந்தாக வேண்டும் அவருக்கு. ஒருநாள் பல்லக்கில் போகையில், கடைத்தெரு மண்டபத்தில் வீடில்லாத சனங்கள் சுருண்டு கிடப்பதைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை.

"இனி என் நாட்டில் ஒருத்தரும் தெருவில் படுக்கக் கூடாது!" என்று ஆணையிட்டு, வேலையைப் பிரதானி நரசப்பனிடம் ஒப்படைத்தார்.

நரசப்பன் வீடு கட்டவா செய்தான்? மண்டபத் தரை முழுக்கக் கூர்ங்கற்களைப் பதித்தான். கண்ணயர்ந்தவர்களைக் காவலர்களை விட்டுத் தடியால் குத்தி எழுப்பினான். பிறகு சபைக்கு வந்து, "மகாராஜா, தெருவில் படுப்பவர் இப்போது ஒருவருமில்லை!" என்று மார்தட்டினான்.

"வாஸ்தவம் சாமி" என்றது வாசல் பக்கமிருந்து ஒரு குரல். "உட்கார்ந்தே இருக்கோம்."

அவள் பவளாயி. நெல் குத்திப் பிழைப்பவள். அவள் வீட்டை ஆற்று வெள்ளம் கொண்டுபோன நாளிலிருந்து மண்டபம்தான் கதி.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல வாய்! ஏதாவது கேள், தருகிறேன்."

நரசப்பனுக்கு வயிறு எரிந்தது. "ஒரே ஒரு பொருள், மகாராஜா! விட்டால் மாளிகையே கேட்பாள்."

பவளாயி யோசிக்கவே இல்லை. "ஒரு கதவு கொடுங்க சாமி. உள்தாழ்ப்பாளோட."

சபையே கொல்லென்று சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு. ராஜா கொடுத்த கதவை யாரும் தட்டாம நுழையக் கூடாதுன்னு சொல்லிடுங்க."

"சொன்னேன், போ!" என்றார் ராஜா.

மறுநாள் நரசப்பன் மாளிகைக்கு எதிரே, வெட்டவெளியில், நிலையோடு ஒரு கதவு நின்றது. பவளாயி அதைக் கல் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தாள். அதற்குப் பின்னால் பாய் விரித்துப் படுத்திருந்தாள்.

நரசப்பன் பாய்ந்து வந்தான். ராஜ ஆணை நினைவுக்கு வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினான்.

"யாரது?"

"பிரதானி!"

"தூங்குறேன். அப்புறமா வாங்கய்யா."

கோபத்தில் அவன் பக்கவாட்டில் சுற்றப் போனான். "ஐயையோ, பிரதானி சுவரேறிக் குதிக்கிறாரு!" என்று தெரு சனங்கள் கூச்சல் போட்டார்கள்.

"சுவர் எங்கேடா இருக்கு?"

"அதைத்தானே நாங்களும் கேக்கிறோம்!"

சேதி அரண்மனைக்குப் போனது. ராஜாவே மந்திரிமார் சூழ, பேரிகை முழங்க வந்து இறங்கினார். பிறந்ததிலிருந்து எந்தக் கதவையும் தட்டியறியாத கை, மெதுவாகத் தட்டியது.

பவளாயி பாயில் எழுந்து உட்கார்ந்தாள். தடி முனை தொடாமல், ஒருத்தர் தட்டிவிட்டு வெளியே காத்து நிற்கிறார்! அந்தச் சத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று காதைக் கொடுத்தபடி இருந்தாள். பிறகு சேலையைச் சரிசெய்து, பாயை உதறிப்போட்டு, தாழை நீக்கினாள்.

"வாங்க சாமி, உள்ளே வாங்க."

ராஜா குனிந்து நுழைந்தார். நாலு பக்கமும் தெருதான்.

"அடுப்பு எங்கேயம்மா?"

"அதோ, அந்த மூலையில."

மூலையே இல்லை. "மழை வந்தால்?"

"ஓட்டு மேல விழற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன் சாமி."

ராஜாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நரசப்பன் பக்கம் திரும்பினார். "சுவரேறிக் குதிக்கப் பார்த்தாயாமே? அந்தச் சுவரை நீயே மண் சுமந்து கட்டு. மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. கடைசி ஆள் குடிபோகும்வரை உனக்கும் அந்தக் கூர்ங்கல்தான் படுக்கை."

நரசப்பன் தலை தொங்கியது. ராஜா பாயில் உட்காரப் போனார். பவளாயி கைகூப்பினாள்.

"சாமி கோவிச்சுக்கக் கூடாது. தூங்கி ரொம்ப நாளாச்சு. சாத்திக்கிறேன்."

மந்திரிமார் திடுக்கிட்டார்கள். ராஜாவோ வந்த கதவு வழியாகவே வெளியே வந்தார். உள்ளே தாழ் விழுந்தது. பேரிகைக்காரன் கோலை ஓங்கினான். ராஜா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா நடங்கப்பா. உள்ளே ஆள் தூங்குது."