மாப்பிள்ளையைத் தள்ளி வந்த படகு

சுண்டாங்குப்பத்து ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவார்கள், அவ்வளவுதான். அந்த ஊர் வேம்புலிக்கு ஒருவழியாகக் கல்யாணம் கூடி வந்தது. பெண் வீடு உப்பங்கழிக்கு அக்கரையில். முகூர்த்தம் தப்பினால் பெண்ணைத் தன் தங்கச்சி மகனுக்கே கட்டிவிடுவேன் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். பாவம், வேம்புலி விடியுமுன்பே மாலையும் கழுத்துமாகத் தயாராகி நின்றான்.

மாப்பிள்ளை, தாய்மாமன் கோதண்டம், சித்தப்பா ஏகாம்பரம் மூவரும் சீர் சாமான்களோடு துடுப்புப் படகில் கிளம்பினார்கள். பாதி வழியில் ஒரு சுற்றுலாப் படகு விர்ரென்று வந்து பக்கத்தில் நின்றது. துடுப்பும் இல்லை, வெளியே சுற்றுகிற விசிறியும் இல்லை. எப்படியப்பா ஓடுகிறது என்று கோதண்டம் கேட்டார்.

"ஜெட் படகு பெரியவரே. பின்னால தள்ளினா முன்னால போகும். கொஞ்சமா வேகமாத் தள்றதைவிட, கனமா மெதுவாத் தள்ளினா டீசல் மிச்சம்" என்று சொல்லிவிட்டு ஓட்டுகிறவன் போய்விட்டான்.

அடடா, இது தெரியாமல் இத்தனை காலம் கை நோகத் துடுப்புப் போட்டோமே என்று மூவருக்கும் துக்கமாகிவிட்டது. முதல் வேலையாகத் துடுப்புகளையே பின்பக்கமாகத் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள். படகு லேசாக நகர்ந்தது. ஓட்டுகிறவன் பொய் சொல்லவில்லை.

அடுத்து பூசணிக்காய் போயிற்று, வாழைத்தார் போயிற்று. தேங்காய்களைத் தள்ளினால் அவை மிதந்து கூடவே வந்தன. நன்றி கெட்ட சாமான் என்று கோதண்டம் திட்டினார். அரிசி மூட்டைக்குப் படகு அருமையாக ஓடியது. தாலியை ஏகாம்பரம் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். கனமே இல்லை, பிரயோஜனப்படாது என்று மடியில் முடிந்துகொண்டார்.

சுற்றிலும் தண்ணீர் கிடக்கிறதே, அதை மொண்டு தள்ளக்கூடாதா என்று கேட்பீர்கள். வேம்புலியும் கேட்டான். கழித் தண்ணீர் ஊர்ப் பொதுச் சொத்து, நம் வீட்டுக் கல்யாணத்துக்குச் செலவழிப்பது தப்பு என்று பெரியவர்கள் இருவரும் சொல்லிவிட்டார்கள்.

கரையில் மேளம் கேட்டது. படகோ அசையாமல் நின்றது. தள்ள ஒன்றும் மிச்சமில்லை. கோதண்டம் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கனம்னு பார்த்தா இப்ப நீதான்டா இருக்கே. முகூர்த்தத்துக்குப் படகு போய்ச் சேரணுமா, வேணாமா?"

"சேரணும் மாமா."

வேம்புலி மாலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றான்.

"மெதுவாத் தள்ளுங்க மாமா. அதான் சிக்கனம்."

மரியாதையாகத் தள்ளினார்கள். படகு நேரே போய்க் கரையில் முட்டியது. வேம்புலி நல்ல நீச்சல்காரன். ஆனால் படகின் பின்னாலேயே வந்தால் தள்ளினது வீணாகிவிடும் என்று பயந்து, எதிர்ப்பக்கமாக நீந்தி வீட்டுக்கே போய்ச் சேர்ந்தான்.

இங்கே கோதண்டம் கையில் மாலையோடும் ஏகாம்பரம் தாலியோடும் பந்தலுக்குள் நுழைந்தார்கள். பெண்ணின் அப்பா அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை எங்கே என்றார்.

மாப்பிள்ளை மட்டும் இல்லையென்றால் நேரத்துக்கு வந்தே இருக்க முடியாது என்று கோதண்டம் பெருமையாக எல்லாவற்றையும் விளக்கினார். சம்பந்தியின் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை.

"கவலைப்படாதீங்க சம்பந்தி, முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. ஒரு நடை போய்க் கூட்டிட்டு வந்துடறோம். பொண்ணை மட்டும் எங்களோட அனுப்புங்க. நல்ல கனமா இருக்குமில்ல?"