பிஸ்தாவின் தகரக் கூண்டு

ஏரிக்கரையை ஒட்டிய கடைசி வீட்டில் பிஸ்தா என்றொரு நாய் இருந்தது. வீட்டுக்காரர்கள் ஞானசேகரும் அவர் மனைவி வேதவல்லியும். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை எட்டு மணிக்கு பிஸ்தாவைப் பின்பக்கத்துக் கூண்டில் சங்கிலியால் கட்டுவார்கள். "சமத்தா இரு" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்புவார்கள். திரும்பி வர மாலை ஆறாகும்.

கூண்டு பெரிய கூண்டுதான். ஆள் தவழ்ந்து உள்ளே போகலாம். மேலே தகரம், கீழே சிமெண்டுத் தரை. மார்கழியில் அதைக் கட்டியபோது பிஸ்தா வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே ஓடியது. பங்குனி பிறந்ததும் நிலைமை மாறிவிட்டது. பத்து மணிக்கெல்லாம் தகரம் கொதிக்கும். பன்னிரண்டு மணிக்கு உள்ளே இருந்தால் வெந்துபோகலாம். வெளியே படுக்கலாம் என்றால், சங்கிலி எட்டுகிற தூரம்வரை நிழல் கிடையாது. போதாக்குறைக்கு, இரண்டு முறை இப்படியும் அப்படியும் நடந்தால் சங்கிலி இழுத்துத் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்துவிடும்.

பிஸ்தா பொறுமையான நாய். மாலையில் வேதவல்லி வந்ததும் முறையாகச் சொல்லிப் பார்த்தது. தகரத்தைப் பார்த்துக் குரைத்தது. காலிக் கிண்ணத்தை மூக்கால் தள்ளிக் காட்டியது.

"பாருங்க, கிண்ணத்தை வச்சு விளையாடுது. பாவம், பொழுது போகல போல" என்றாள் வேதவல்லி.

மறுநாள் ஒரு ரப்பர் எலும்பு வந்தது.

பிஸ்தா எலும்பைத் தள்ளிவிட்டு மறுபடி சொன்னது. சலங்கை வைத்த கழுத்துப்பட்டை வந்தது. மறுபடி சொன்னது. ஞானசேகர் கூண்டின் முகப்பில் சிவப்புப் பெயிண்டால் 'பிஸ்தா' என்று எழுதினார். நான்காம் தடவை சொன்னபோது, தரை உறுத்துகிறதோ என்னவோ என்று ஒரு கம்பளியை விரித்தார்கள். சித்திரை மாதத்தில் கம்பளி!

பிஸ்தாவுக்கு அழுவதா, கடிப்பதா என்று தெரியவில்லை.

மதில்மேல் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு காகம்.

"தம்பி, நீ சொல்கிற விதம் சரியில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் இரு. பதறிப்போய் என்ன ஏது என்று கேட்பார்கள்" என்றது.

அதுவும் சரிதான் என்று பிஸ்தாவுக்குத் தோன்றியது. தட்டைத் தொடவில்லை. வேதவல்லி பதறித்தான் போனாள். அடுத்த நாள் தயிர்ச்சோற்றுக்குப் பதில் கோழி ஈரல் வைத்தாள். பிஸ்தா பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கடுத்த நாள் முட்டை, அதற்கும் அடுத்த நாள் நெத்திலி. கூண்டை மட்டும் யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம். கிண்ணம் கவிழ்ந்து வெகுநேரமாகிவிட்டது. பட்டினி வேறு. பிஸ்தாவின் கால்கள் மடங்கின. நாக்கு தரையில் கிடந்தது.

அந்த நேரம் ஏரியில் குளித்துவிட்டு வேலிக்கு அடியில் புகுந்து வந்தது ஒரு கீரி. பிஸ்தாவைப் பார்த்ததும் அருகில் ஓடிவந்து, ஈர உடம்பை அதன் முகத்தில் உதறியது. திரும்ப ஏரிக்கு ஓடி, நனைந்து வந்து, மறுபடி உதறியது. இப்படி ஏழெட்டுத் தடவை ஓடிய பிறகுதான் பிஸ்தா கண்ணைத் திறந்தது.

"என்ன கோலம் இது?" என்று கேட்டது கீரி.

பிஸ்தா நடந்ததை எல்லாம் சொன்னது. கீரி மதிலைப் பார்த்தது. காகம், வேதவல்லி காலையில் மதிலோரம் கொட்டிவிட்டுப் போன நெத்திலியின் வாலை விழுங்கிக்கொண்டிருந்தது.

"நீ தொடாமல் விட்ட சாப்பாட்டை யார் தின்றார்கள்?"

பிஸ்தா காகத்தைப் பார்த்தது. ஐந்து நாளில் அதன் கழுத்து நன்றாகப் பருத்திருந்தது.

"வீணாகப் போகக் கூடாதே என்றுதான்..." என்று முனகிவிட்டுக் காகம் பறந்துபோனது.

"எனக்கு வெறுத்துவிட்டது, அக்கா" என்றது பிஸ்தா. "அவர்கள் கெட்டவர்களாக இருந்தால் ஒரே கடியாகக் கடித்துவிட்டு ஓடியிருப்பேன். நல்லவர்களாக இருந்துகொண்டு இந்தப் பாடு படுத்துகிறார்களே. எத்தனை தடவைதான் சொல்வது?"

"இனி சொல்லாதே" என்றது கீரி. "இந்தக் கூண்டை மத்தியானத்தில் அவர்கள் பார்த்திருக்கிறார்களா?"

பிஸ்தா யோசித்தது. "காலையில் பார்ப்பார்கள், மாலையில் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்குள் விட்டுவிடுவார்கள்."

"அப்படியென்றால் அவர்களுக்குத் தெரிந்த கூண்டு வேறு, நீ இருக்கிற கூண்டு வேறு. ஒரு மத்தியானம் அவர்களை இதற்குள் வரவழை. எதைத் தொலைத்தால் அவர்கள் தேடாமல் விடமாட்டார்கள்?"

"ஸ்கூட்டர் சாவி" என்றது பிஸ்தா.

அன்று மாலையே பிஸ்தா தட்டைக் காலி செய்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தது. வேதவல்லியின் தங்கைக்கு அன்று வளைகாப்பு. இருவரும் பட்டு உடுத்திப் புறப்பட்டபோது மணி பன்னிரண்டரை. ஞானசேகர் செருப்பு மாட்டக் குனிந்தார். பிஸ்தா மேசைமேல் இருந்த சாவியைக் கவ்விக்கொண்டு பின்பக்கம் பாய்ந்தது. கூண்டின் கடைசி மூலையில் அதைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டது.

"இது என்ன கூத்து, பிஸ்தா!" என்று ஞானசேகர் கத்தினார். கம்பை விட்டுத் துழாவினார். சாவி கம்பளி மடிப்பில் போய்ச் சிக்கிக்கொண்டது.

"தள்ளுங்க, நான் எடுக்கிறேன்" என்று வேதவல்லி புடவையைச் செருகிக்கொண்டு உள்ளே தவழ்ந்தாள்.

முதலில் உள்ளங்கை சுட்டது. கையை உதறி நிமிர்ந்தாள். தகரம் முதுகில் பட்டது. "அம்மா" என்று குனிந்தாள். மூச்சு இழுத்தால் மூக்கு எரிந்தது. மூலைக்குப் போய்ச் சாவியை எடுத்தவள், பக்கத்தில் இருந்த தண்ணீர்க் கிண்ணத்தில் விரலை விட்டாள். சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது அவள் முகமெல்லாம் வேர்த்திருந்தது. சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நேரமாச்சு, வா" என்றார் ஞானசேகர்.

"நீங்க ஒருதரம் உள்ளே போய் உட்காருங்க."

"எதுக்கு?"

"போங்க, சொல்றேன்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். இரண்டு நிமிடத்தில் சட்டை உடம்போடு ஒட்ட வெளியே வந்தார். அப்போது சிரிக்கவில்லை.

"தினம் பத்து மணி நேரம்" என்றாள் வேதவல்லி. வெறுந்தரையில் உட்கார்ந்து பிஸ்தாவின் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

பிஸ்தாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. இதைத்தானே இரண்டு மாதமாகத் தொண்டை கிழியச் சொல்கிறேன் என்று முறைத்தது. முறைத்தபடியே அவள் சுட்ட உள்ளங்கையை நக்கிக்கொடுத்தது.

அன்று அவர்கள் வளைகாப்புக்குத் தாமதமாகத்தான் போனார்கள். அதற்குள் கூண்டைப் புங்கமரத்தடிக்கு நகர்த்திவிட்டார்கள். மறுவாரம் தகரத்தைப் பிரித்துவிட்டுத் தென்னங்கீற்று வேய்ந்தார்கள். கவிழாத கல்தொட்டி வந்தது. வேலியின் ஓட்டைகளை அடைத்துச் சங்கிலியையும் கழற்றினார்கள். கீரி வந்துபோகிற இடுக்கு மட்டும் எப்படியோ தப்பியது. மத்தியானத்தில் ஒருமுறை வந்து பார்க்கும்படி பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற நர்ஸ் பிலோமினாவிடம் சொல்லி வைத்தார்கள். அந்த அம்மாள் முதல் நாள் வந்தபோது, பிஸ்தா நாலு காலையும் நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

அன்பு வைத்தால் மட்டும் போதாது. ஒருவர் படும் கஷ்டம் தெரிய வேண்டுமானால், அவர் இருக்கும் இடத்தில் கொஞ்ச நேரமாவது நாம் இருந்து பார்க்க வேண்டும்.