மைனஸ் நாலு

ஓசூரில் மூக்குக்கண்ணாடி செய்யும் தொழிற்கூடம் ஒன்றில் குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்திரண்டு. குரு தாஹிரா. சீடர் வேதமுத்து, கிடங்கில் இருபது வருடம் பெட்டி அடுக்கியவர். முதுகு மக்கர் பண்ணியதால் கோபோல் என்ற பழைய கணினி மொழியில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டார்.

கண் முகாம்களில் எழுதித் தரும் பவர் கணினிக்குள் போகும். அங்கிருந்து லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் போகும். நிரலில் பவருக்கான இடத்தை அறிவித்தவர் வேதமுத்துதான். PIC 99V99 என்று எழுதினார். நாலு இலக்கம், நடுவில் புள்ளி இருப்பதாகக் கணக்கு. அவர் சோதித்துப் பார்த்த படிவங்கள் எல்லாம் முதியோர் இல்லத்திலிருந்து வந்தவை. பேப்பர் படிக்கக் கண்ணாடி கேட்டவர்கள், அத்தனை பேருக்கும் பிளஸ் பவர். எல்லாம் சரியாக வந்தது. மனுஷன் அன்று ஆபீஸுக்கே மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்.

அடுத்து பள்ளிக்கூட முகாம் வந்தது. பிள்ளைகளுக்கு மைனஸ் பவர். 99-க்கு முன்னால் ஓர் S போட்டிருந்தால் குறியும் உள்ளே நின்றிருக்கும். போடாததால் கணினி மைனஸை உதறிவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டது. முறைக்கவும் இல்லை, முனகவும் இல்லை.

இன்று காலை ஓர் அம்மா வந்து, வாட்ச்மேனிடம் ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போனாள். "தபால்ல வந்ததுங்க. பத்தொம்பது நாளாப் போட்டும் எம்பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல. கண்ணு போயிருச்சுன்னு பள்ளிக்கூடத்தையும் நிறுத்திட்டா. இது வேற யாருக்காவது ஆகட்டும்."

கண்ணாடிப் பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணை வைத்துப் படிவத்தை எடுத்தார்கள். பெண்ணின் பெயர் கயல்விழி, பத்தாம் வகுப்பு. படிவத்தில் மைனஸ் நாலு. கண்ணாடியை அளந்தால் பிளஸ் நாலு.

வேதமுத்து உடனே உட்கார்ந்து நிரலைத் திருத்தினார்.

"S போட்டுட்டேன் டீச்சர். பாருங்க, ஒரே எழுத்து. உள்ளே அதுக்குன்னு தனியா ஒரு இடம்கூடத் தேவையில்ல. இதை விட்டதுக்கா இவ்வளவு?"

தாஹிரா அந்தக் கண்ணாடியை அவரிடம் நீட்டினாள்.

"போட்டுக்குங்கண்ணே. எதிர்ச் சுவத்துக் காலண்டர்ல இன்னைக்கு என்ன தேதி?"

போட்டுக்கொண்டார். காலண்டர் மட்டுமல்ல, சுவரே கரைந்துபோனது. பக்கத்தில் நின்ற தாஹிராவுக்கு முகம் இல்லை.

"தலை சுத்துது டீச்சர்."

அவரே கழற்றினார். மடக்கி மேசைமேல் வைத்தார், பாவம்.

"இன்னும் எத்தனை பிள்ளைங்களோ," என்றார்.

"தேடுங்க."

"எங்க தேடுறது? கணினியில குறியே இல்லையே."

"காகிதத்துல இருக்கு."

இருவரும் படிவக் கட்டுகளைப் பிரித்து உட்கார்ந்தார்கள். மதியச் சாப்பாடு மறந்துபோனது. மைனஸ் பவரில் இன்னும் பதினோரு பிள்ளைகள். தாஹிரா பதினோரு வீட்டுக்கும் போன் போட்டு, கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொன்னாள். கயல்விழியின் படிவத்தில் மட்டும் போன் நம்பர் இல்லை.

நாலு மணிக்கு அவளுடைய கண்ணாடியில் புது லென்ஸ் ஏறியது. வேதமுத்து அதைத் துடைத்து, பெட்டியில் வைத்து, கொரியர் கவரில் போட்டார். தாஹிரா கவரைப் பிரித்துப் பெட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

"அந்தப் புள்ள ஊருக்கு அஞ்சு மணிக்கு பஸ் இருக்கு."

"நானா? போய் என்னன்னு சொல்றது டீச்சர்?"

"நடந்ததைச் சொல்லுங்க."

வேதமுத்து பெட்டியைத் திறந்து மூடினார்.

"தப்பு பண்ணினது நான்தான்னு சொன்னா, அந்தப் புள்ள என்னைப் பத்தி என்ன நினைக்கும்?"

"இத்தனை நாளா அது தன் கண்ணைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டு இருந்துச்சுண்ணே?"