மலர் ஊற்றிய டீசல்

குரு என்றால் காட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மலை உச்சியில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மன்னிக்கவும். இந்தக் கதையின் குரு நோர்வேயின் வட கோடியில், ஒரு மீன்பிடி ஊரில், தன் வீட்டுக் கராச்சுக்குள் காருக்கு அடியில் கிடந்தார்.

பெயர் நளாயினி. நாற்பத்தைந்து வயது. வேலை தாதி. பனிக்குள் காரை ஓட்டிப் போய், தனியாக இருக்கிற முதியவர்களுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்துவிட்டு வருவார். அந்த ஊரிலிருந்து கார் திருத்துகிற இடத்துக்குப் போவதென்றால் இரண்டு மலை ஏறி இறங்க வேண்டும். கார் ஓடினால்தானே ஏறி இறங்குவது? அதனால் தன் காரைத் தானே பார்க்கப் பழகிக்கொண்டார். ஊர்த் தமிழ் ஆண்கள் கிண்டலுக்குக் குரு என்று பெயர் வைத்தார்கள். ஒரு குளிர்காலம் கழிவதற்குள் அத்தனை பேரும் பொனெற்றைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் வாசலில் நின்றார்கள். கிண்டல் போய்விட்டது. பெயர் நின்றுவிட்டது.

மார்கழியில் ஒரு மத்தியானம் சற்குணம் வந்தார். அங்கே மார்கழியில் சூரியன் வருவதில்லை, மத்தியானம் மணிக்கூட்டில் மட்டும்தான். சற்குணம் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து இளைப்பாறியவர். நளாயினியைவிட இருபது வயது மூத்தவர். வாழ்க்கையில் ஒரு காரின் பொனெற்றைத் திறந்து பார்த்தவரில்லை. ஓட்டத் தெரியும், அவ்வளவுதான்; அவர் வீட்டில் மற்றக் கார் விஷயம் முழுக்க மனைவி சிவமலரின் கையில் இருந்தது.

"குருவே," என்றார். வழக்கமாகச் சிரித்துக்கொண்டு சொல்பவர் அன்று சிரிக்கவில்லை. "கார்லை டீசல் முள் எழும்புதில்லை."

"கார் ஸ்டார்ட் வருதோ, அண்ணை?"

"தெரியாது."

"தெரியாதோ?"

"நான் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கேல்லை. முள்தான் எழும்புதில்லை."

நளாயினி காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

"டீசல் எவ்வளவு கிடக்கு எண்டு ஒவ்வொரு நாளும் போய்ப் பாப்பன்," என்றார் சற்குணம். "கார்த் திறப்பை ஒரு முறுக்கு முறுக்கினால் முள் மெல்ல மெல்ல எழும்பி முக்காலிலை வந்து நிக்கும். பாத்திட்டு வந்திடுவன்."

"ஓடுறேல்லையோ?"

"ஓடினால் இறங்கிடுமே."

நளாயினி கையைத் துடைத்தார். ஏனென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. சிவமலர் ஐப்பசியில் காலமானது ஊருக்கே தெரியும். நெஞ்சு வலி என்றார், இரண்டாம் நாள் ஆள் இல்லை. பெட்டி தூக்கிய அன்று சற்குணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது நளாயினிதான்.

"அவ அடிச்ச டீசல்," என்றார் சற்குணம். "ஆவணியிலை ஒஸ்லோவிலை இருந்து வரேக்கை அடிச்சது. பிறகு கார் பெரிசா ஓடேல்லை. கடலோரம் ஒரு பம்ப். நான் காருக்குள்ளை இருந்து பாணும் சொசேஜும் சாப்பிட்டுக்கொண்டிருந்தன். கண்ணாடியைத் தட்டி, எனக்கும் ஒரு கடி எண்டா. வாங்கித் தின்னன் எண்டன். கை டீசல் மணக்குது, நீங்களே தாங்கோ எண்டு கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு வாயைத் திறந்தா."

சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தார். நாற்பது வருசம் கூட வாழ்ந்தவளுக்கு அவர் தன் கையால் ஊட்டியது அந்த ஒரு தடவைதான்.

"வாங்கோ, பாப்பம்," என்றார் குரு.

சாம்பல் நிறக் கார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற டீசல் வண்டி. இந்த ஊர்ப் பனிக்கு இதுதான் சரி என்று சிவமலர் தேடிப் பிடித்து வாங்கியது. கூரை வரை பனி மூடிக் கிடந்தது. சாரதி பக்கக் கதவுக்கு மட்டும் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குப் பனி வெட்டியிருந்தது.

"ஒவ்வொரு நாளும் முறுக்கி முறுக்கிப் பற்றறியைச் சாகடிச்சிட்டீங்கள்," என்றார் நளாயினி. தன் காரிலிருந்து வயர் இழுத்துப் பற்றறிக்குக் கொடுத்தார். "இப்ப முறுக்குங்கோ."

சற்குணம் ஏறி இருந்து திறப்பை முறுக்கினார். முள் எழுந்தது. முக்காலில் வந்து நின்றது.

"காணும், இது போதும்," என்றார். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது போல அவர் முகம் தெளிந்தது. "பெரிய உபகாரம். காணும்."

"காணாது. இன்னும் முறுக்குங்கோ. எஞ்சின் சூடாகுமட்டும் எரியிற அந்தச் செம்மஞ்சள் லைற் அணையுமட்டும் பொறுத்து, பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கோ."

"வேண்டாம்."

"ஒருக்கா."

எஞ்சின் சுற்றியது. இரண்டு தரம் இருமியது. அடங்கிவிட்டது. மறுபடியும் முறுக்கினார். இந்தத் தடவை இருமலும் இல்லை.

நளாயினி பொனெற்றைத் திறந்து, டீசல் பில்டருக்குக் கீழே ஒரு ஜாம் போத்தலைப் பிடித்துத் திருகாணியைத் தளர்த்தினார். சொட்டவில்லை. நேரம் எடுத்து, கூழாக, வெள்ளையாக இறங்கியது. போத்தலை ரோச் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"தேங்காயெண்ணெய் மாதிரி எல்லே இருக்கு," என்றார் சற்குணம்.

"அதே கதைதான். ஆவணியிலை அடிச்ச டீசல் ஆவணிக்குத்தான். இந்தக் குளிருக்கு வேறை டீசல் விக்கிறாங்கள். இதை இளக்கி, அதோடை கலந்துதான் ஓட வேணும்."

"கலக்க வேண்டாம்!" சற்குணத்தின் குரல் உயர்ந்துவிட்டது. பிறகு தணிந்து, "முழுக்க உறிஞ்சி எடுத்து ஒரு கான்லை ஊத்தித் தாரும். நிலவறையிலை வைச்சிருக்கிறன். காரைப் பிறகு என்னவும் செய்யும்," என்றார்.

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் நாலு நல்ல வார்த்தை சொல்லியிருப்பார்கள். குரு போத்தலை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"முதல் இதை வைச்சுப் பாருங்கோ. விளக்குக்குக் கிட்ட மட்டும் வைச்சிடாதேங்கோ."

சற்குணம் போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். சூட்டில் அது இளகி, தெளிந்து, தேன் நிறத்துக்கு வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூடியைத் திறந்து மணந்தார். மூடினார். திரும்பவும் திறந்தார்.

இரண்டு நாள் கழித்துப் போத்தலும் கையுமாகக் கராச்சில் வந்து நின்றார்.

"வீடு முழுக்க டீசல் மணக்குது," என்றார்.

"டீசல் வேறை என்ன மணக்கும்?"

"அண்டைக்கு அவவின்ரை கையும் இதே மணம்தான். ஆனா அண்டைக்கு அது நல்லா இருந்தது." போத்தலை மேசையில் வைத்தார். "இப்ப பாணும் இல்லை, அவவும் இல்லை. டீசல் மட்டும் மணக்குது."

நளாயினி சுவரில் தொங்கிய வேலைச் சட்டையை எடுத்து அவரிடம் எறிந்தார்.

"போடுங்கோ."

அப்போதுதான் சற்குணம் கவனித்தார். கராச்சுக்குள் நின்றது அவருடைய கார். அன்று காலை அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து நளாயினி கட்டி இழுத்து வந்திருந்தார்; திரும்பி வந்தவர் இருட்டில் வாசலைக் கவனிக்கவில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் மின்சார ஹீற்றர்கள் எரிந்தன. பனி உருகித் தரையெல்லாம் தண்ணீர்.

"கேளாமல் எடுத்தனீரோ?"

"கேட்டால் தந்திருப்பீங்களோ?"

சற்குணம் காரை ஒருமுறை சுற்றி வந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டார்.

அன்று பின்னேரம் முழுக்க வேலை செய்தார். குரு முக்காலியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு வாயால் மட்டும் வேலை செய்தார். கோடை ரயரைக் கழற்றி, பனிக்கு ஆணி பதித்த ரயர் பூட்டச் சொன்னார்.

"இது நாலு சக்கரமும் இழுக்கிற கார் எல்லே," என்றார் சற்குணம், மூச்சு வாங்கிக்கொண்டு. "இந்த ரயருக்கென்ன?"

"இழுக்கத்தான் நாலு. நிப்பாட்டுறதுக்கு ரயர்தான்."

சற்குணம் கதவு ரப்பர்கள் உறைந்து ஒட்டாமல் இருக்கக் கிறீஸ் பூசினார். கண்ணாடி கழுவுகிற தண்ணீரை உறையாததாக மாற்றினார். அடிப்பக்கத்தில் படிந்த தெரு உப்பைக் கழுவினார். ஒவ்வொன்றையும் சிவமலர் வருசா வருசம் செய்திருக்கிறாள், உள்ளே இருந்து அவர் தொலைக்காட்சி பார்த்திருக்கிறார். விரல் தோல் உரிந்தபோது, அவளுடைய விரல்களும் குளிர்காலம் தொடங்கும்போது இப்படித்தான் உரிந்திருந்தன என்பது ஞாபகம் வந்தது. கை காய்ந்துபோச்சு என்று சொல்லி எண்ணெய் பூசிக்கொள்வாள்.

கடைசியாகப் பழைய பில்டரைக் கழற்றிப் புதியதை எடுத்தார்.

"அதை வெறுமையாப் பூட்டப்படாது," என்றார் குரு. "எஞ்சின் காத்தை இழுத்துப்போடும். டீசல் நிரப்பிப் பூட்டுங்கோ."

"டீசல் எங்கை?"

குரு மேசைப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

சற்குணம் திரும்பிப் பார்த்தார். மேசையில் ஜாம் போத்தல் இருந்தது. அதைக் கையில் எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். பிறகு மூடியைத் திறந்து, பில்டருக்குள் ஊற்றினார். கொஞ்சம் விரலில் வழிந்தது. துடைக்கவில்லை.

ஏறி இருந்தார். செம்மஞ்சள் லைற் அணையும்வரை பொறுத்தார். முறுக்கினார்.

எஞ்சின் ஒரு தரம் தடுமாறி, பிடித்து, கடகடவென்று ஓடத் தொடங்கியது. சற்குணம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். காலையில் அவர் சப்பாத்துப் போடும்போது வெளியில் கேட்கிற சத்தம் அது. காரைச் சூடாக்கி வைத்துக்கொண்டு, "வாறியளோ இல்லையோ?" என்று அவள் கூப்பிடுவதற்கு முன்னால் வருகிற சத்தம்.

குரு அழ விட்டார். பிறகு பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"போவம்."

"எங்கை?"

"பம்புக்கு. டாங்கி திரும்பக் குளிர முதல் இந்தக் குளிருக்கான டீசலை மேலாலை ஊத்த வேணும். பிந்தினால் திரும்பவும் கூழ்தான்."

சற்குணம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். பனித் தெருவில் நாலு சக்கரமும் மண்ணைப் பிடித்தது போல வழுக்காமல் ஓடின. அவர் கண் தெருவில் பாதி, முள்ளில் பாதி.

"றோட்டைப் பாருங்கோ, அண்ணை."

பம்பில் இறங்கி, டாங்கி மூடியைத் திறந்து, குழாயை உள்ளே விட்டார். பிடியில் கை இருந்தது. அழுத்தவில்லை. கடற்காற்று காருக்கு அடியால் அடித்தது. நளாயினி இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். நேரம் போய்க்கொண்டிருந்தது, டாங்கி குளிர்ந்துகொண்டிருந்தது.

"கலந்துபோகுமே, நளாயினி," என்றார் சற்குணம். முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "இண்டைக்கு ஊத்தினால், அவ ஊத்தினது எப்ப முடியுது எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"முடிய விட்டால்தானே, அண்ணை," என்றார் குரு. "குளிர் காலத்திலை அரைவாசிக்குக் கீழை இறங்க விடப்படாது. இறங்க முதல் நிரப்புங்கோ. ஓடுங்கோ, திரும்ப நிரப்புங்கோ. மலரக்கா ஊத்தினதிலை கடைசிச் சொட்டு எண்டு ஒண்டு வராது."